முகம் கொடுத்துப் பேசுறது

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை இருக்கிறவர்கள் முடித்துவிட்டு வந்து படியுங்கள். எழுத இரண்டு காரணம். ஒன்று, என் பேத்தி எனக்கு வைத்த பரீட்சை. இன்னொன்று, போன சித்திரையில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் என் காதில் விழுந்த பேச்சு. அதைப் பிறகு சொல்கிறேன்.

பேத்தி பெங்களூரில் சைக்காலஜி படிக்கிறாள். லீவுக்கு வந்திருந்தபோது, "தாத்தா, நீங்கதான் மூஞ்சியைப் பார்த்தே எல்லாம் கண்டுபிடிச்சிருவேன்னு சொல்லுவீங்களே, இதைப் போடுங்க" என்று போனை நீட்டினாள். மொத்தம் 36 படம். முழு முகம் கிடையாது. கண்ணும் புருவமும் மட்டும் தெரிகிற மாதிரி வெட்டி எடுத்த துண்டு. ஒவ்வொரு படத்தைச் சுற்றியும் நாலு சொல். அந்த ஆள் மனதில் என்ன ஓடுகிறது என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேம்பிரிட்ஜில் சைமன் பேரன்-கோஹன் என்கிற பேராசிரியரும் கூட இருந்தவர்களும் ஆட்டிசம் ஆராய்ச்சிக்காகத் தயாரித்தது. இப்போது உலகம் முழுக்க ஓடுகிற வடிவம் 2001இல் வந்தது.

34 வருஷம் கணக்கு வாத்தியார் வேலை பார்த்தவன் நான். ஒரு வகுப்புக்கு 50 முகம், ஒரு நாளைக்கு ஆறு வகுப்பு. இதைவிட அதிகமாக முகம் பார்த்தவன் டிக்கெட் கவுன்ட்டரில்தான் இருப்பான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

21 வந்தது. சராசரி ஆள் 26 பக்கம் எடுப்பாராம். பேத்தி 29.

தோற்ற மாணவன் முதலில் என்ன செய்வான்? கேள்வித்தாள் சரியில்லை என்பான். நானும் அதையே செய்தேன். "விடைத்தாள் யார் தயாரிச்சது? அந்த ஆளையே கூப்பிட்டு அப்ப என்ன நினைச்சேன்னு கேட்டாங்களா?" பேத்தி கொஞ்சம் முழித்தாள். கேட்கவில்லையாம். பத்திரிகைகளில் வந்த படங்களை வெட்டி எடுத்து, பலபேரிடம் காட்டி, பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொண்ட சொல்லைத்தான் சரியான விடை என்று வைத்திருக்கிறார்கள். கணக்கில் ஓட்டெடுத்து விடை போட்டால் நான் பிரம்பை எடுத்திருப்பேன். ஆனால் இந்தக் குறையைச் சொல்லி 21ஐ 26 ஆக்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்த தகராறு பாஷையில். சொற்கள் எல்லாம் இங்கிலீஷ். யோசனையில் இருப்பதற்கு ஒரு சொல், ஏதோ ஒன்றிலேயே மனம் போய் நிற்பதற்கு ஒரு சொல், மனம் தளர்ந்து கிடப்பதற்கு ஒரு சொல். எனக்கு மூன்றும் ஒன்றாகத்தான் பட்டது. அந்தப் பரீட்சையோடு சொற்பொருள் பட்டியல் ஒன்றும் தருவார்களாம். பேத்தி அதைத் தமிழில் சொல்லிச் சொல்லி மறுபடி போட வைத்தாள். 24 வந்தது. (இது சப்ளிமென்டரியில் எடுத்த மார்க், கணக்கில் சேராது.)

அங்கேதான் எனக்கு ஒன்று உறைத்தது. இது கண்ணால் பார்க்கிற வேலை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். கையில் சொல் இல்லை என்றால் கண்ணுக்கும் தெரியவில்லை. யோசித்துப் பாருங்கள், ஏக்கம், ஆதங்கம், தவிப்பு, விரக்தி, சலிப்பு, மிரட்சி என்று நம்மிடம் எத்தனை இருக்கிறது. இதையெல்லாம் பிரித்துச் சொல்லத் தெரியாதவனுக்கு எல்லாமே "மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கான்"தான்.

பேத்தி சொன்னது இது. பொதுவான சிந்தனைத் திறன் பரீட்சைகளில் நன்றாகச் செய்கிறவர்கள், முகம் படிக்கிற பரீட்சைகளிலும் கொஞ்சம் கூடுதலாக எடுக்கிறார்கள். கொஞ்சம்தான். தொடர்பு இருக்கிறது, ஆனால் சின்னது. நன்றாகக் கணக்குப் போடுகிறவன் எல்லாம் நன்றாக முகம் படிப்பான் என்று யாராவது சொன்னால், நம்பாதீர்கள். நான் ஒருத்தன் போதும் சாட்சிக்கு.

சரி, நம் பெருமைக்கு வருவோம். பரீட்சை ஹாலில் பிட் வைத்திருப்பவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன் என்று உங்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! 1996 செட் பிள்ளைகள் 2018இல் நடத்திய சந்திப்பில் ஒருவர் (இப்போது பெரிய பதவியில் இருக்கிறார், பேர் வேண்டாம்) மைக்கைப் பிடித்து, "சார், பத்தாவது முழுக்க பிட் வச்சிருந்தது நான். நீங்க வருஷம் பூரா சோதனை போட்டது எனக்கு முன்னாடி பெஞ்சில இருந்தவனை. அவன்கிட்ட ஒருநாளும் ஒண்ணும் இருந்ததில்லை" என்றார். நீங்கள் எல்லாம் எப்படிச் சிரித்தீர்கள் என்று ஞாபகம் இருக்கிறது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. நிகழ்தகவு நடத்தினவன் இல்லையா? சந்தேகப்பட்டு, சோதித்து, பிட் கிடைத்தால் அதைப் பத்து வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சந்தேகப்பட்டு ஒன்றும் கிடைக்காததை அன்று சாயங்காலமே மறந்தேன். சந்தேகமே படாமல் விட்டவர்கள் எத்தனை பேர் என்பது எனக்குத் தெரியவே வழியில்லை. நாலு கட்டத்தில் ஒரு கட்டத்தை மட்டும் எண்ணிவிட்டு நூற்றுக்கு நூறு போட்டுக்கொண்டேன். பொய் சொல்கிறவரை நடை, முகம், பேச்சைப் பார்த்துக் கண்டுபிடிக்கிற சோதனைகள் நிறைய நடந்திருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் சரியாகச் சொல்வது 54 சதவீதம் என்று பேத்தி காட்டினாள். காசைச் சுண்டினாலே 50 வரும். போலீஸ்காரர்களும் இதில் பெரிதாக நம்மைவிட மேல் இல்லையாம்.

பிட் விஷயம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். ஒன்று அப்படி இல்லை.

1992. ஒன்பதாம் வகுப்பு, சாயங்காலம் ஏழாவது பீரியட். வட்டத்தின் தேற்றம் ஒன்றைக் கரும்பலகையில் பாதி போட்டுவிட்டு, ஒரு பையனை எழுப்பி அடுத்த படி கேட்டேன். எழுந்து நின்றான், சிரித்தான். மறுபடி கேட்டேன், மறுபடி சிரித்தான். சத்தம் போட்டேன், சிரிப்பு இன்னும் பெரிசானது. வகுப்பும் சேர்ந்து சிரித்தது. அவ்வளவுதான். பிரம்பு எடுத்து நாலு போட்டேன். அப்போதும் அவன் பல் தெரிந்தது. "உன் அப்பாவைக் கூட்டிக்கிட்டு வந்தாத்தான் உள்ளே விடுவேன்" என்று வெளியே அனுப்பினேன். மறுநாள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ஒரு வாரம் ஓடிவிட்டது.

வீட்டில் சாப்பிடும்போது இதைப் பெருமையாகத்தான் சொன்னேன். "திமிர்ச் சிரிப்பு. முகத்தைப் பார்த்தாலே தெரியுது."

என் மனைவி தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள். உங்களில் பலருக்கு அவளைத் தெரியும், டியூஷனுக்கு வந்தவர்களுக்கு அவள் போட்ட சுக்குக் காபியும் தெரியும். எட்டாவதோடு படிப்பை நிறுத்தி, பின்னால் பிறந்த நாலு பேரை வளர்க்க விட்டுவிட்டார்கள் அவளை.

"எப்பச் சிரிச்சான்? நீங்க கேட்ட உடனேயா, கத்தின பிறகா?"

"கேட்ட உடனே லேசா. கத்தினப்ப நல்லா."

"பக்கத்துப் பையன்களைப் பார்த்துச் சிரிச்சானா, உங்களைப் பார்த்தா?"

யோசித்தேன். "ரெண்டும் இல்லை. தரையைப் பார்த்து."

"திமிர் பிடிச்சவன் தரையைப் பார்த்து யாருக்குக் காட்டப் போறான்? பயத்துல பல்லைக் காட்டுற பிள்ளைக உண்டுங்க. என் ரெண்டாவது தம்பி அப்படித்தான். அதுக்காகவே அப்பாகிட்ட ரெட்டை அடி வாங்குவான்."

எட்டாம் நாள் அந்தப் பையன் வீட்டைத் தேடிப் போனேன். அப்பா இல்லை, இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கூட்டிக்கொண்டு வரச் சொன்னேனே! அத்தை காய்கறி வியாபாரம் செய்து வளர்த்துக்கொண்டிருந்தார். "அவனுக்குப் பயம் வந்தா இளிப்பு வந்திரும் சார், சின்னதுலேயே அப்படித்தான்" என்றார். என் மனைவி சொன்ன அதே வார்த்தை. பையன் கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். நான் அதற்கு முன் அந்தச் சிரிப்பை நாலு தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் இப்போது லாரி பட்டறை வைத்திருக்கிறார், இந்தப் பதிவையும் படிப்பார். கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க சார். இன்னைக்கும் வீட்டுக்காரி திட்டினா சிரிப்புத்தான் சார் வருது. அதுக்காகவே இன்னும் நாலு வாங்குறேன்" என்றார். பத்தாவது முடித்துவிட்டுத்தான் போனார். ஆனால் அந்த ஒரு வாரம் அவன் எங்கே உட்கார்ந்திருந்தான், என்ன நினைத்தான் என்று நான் கேட்டதில்லை. போன வாரம்தான் கேட்டேன். தேரடியில் உட்கார்ந்திருந்தாராம், பையை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வரைக்கும்.

இதில் நான் கவனிப்பது ஒன்று. ஒரு கஜ தூரத்தில் நின்று முகத்தைப் பார்த்தவன் நான். அந்த முகத்தைப் பார்க்காதவள் அவள். சரியாகச் சொன்னது யார்? அவள் செய்தது நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற வேலை. கொடுக்கப்பட்டது என்ன, எதை நாமாகச் சேர்த்துக்கொண்டோம், வேறு விடை உண்டா, எதை வைத்து அதை ஒதுக்குவது என்று மூன்று கேள்வியில் முடித்துவிட்டாள். நான் அந்த நேரத்தில் பாதித் தேற்றத்தை மண்டையில் சுமந்துகொண்டு, ஏழாவது பீரியட் களைப்பில், வகுப்பு சிரிக்கிறதே என்கிற ரோஷத்தில் நின்றேன். மூளைக்கு வேறு சுமை இருக்கும்போது முதலில் தோன்றுகிற விடையைத்தான் அது எடுக்கும். இரண்டாவது விடையைத் தேட அதற்கு இடம் இல்லை.

எங்கள் ஸ்டாஃப் ரூம் தமிழய்யாவிடம் இதைச் சொன்னபோது அவர் தொல்காப்பியத்துக்குப் போய்விட்டார். மெய்ப்பாடு எட்டு, ஒவ்வொன்றுக்கும் நாலு நிலைக்களன், ஆக முப்பத்திரண்டு. சிரிப்பு ஒன்றுக்கே எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நாலு வேர். "நீர் எள்ளல்னு ஒண்ணை மட்டும் எடுத்துக்கிட்டீர்" என்றார். "பயம் அந்த நாலில் நேரா இல்லையே?" என்று நான் கேட்டதற்கு, "உம்ம பையன் தொல்காப்பியரையும் தாண்டிட்டான்" என்றார். இப்போது அவர் இல்லை. நல்ல மனுஷன். வள்ளுவர் குறிப்பறிதல் என்று ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரம் வைத்திருப்பதையும் அவர்தான் காட்டினார். 71வது அமைச்சனுக்கு, 110வது காதலர்களுக்கு. "வாத்தியாருக்குத் தனியா ஒண்ணு வச்சிருக்கலாம்" என்பார்.

வெளிநாட்டில் நடந்ததும் இந்தப் பக்கம்தான் வந்து சேர்கிறது. பால் எக்மன் என்கிற அமெரிக்கர் 1960களின் கடைசியில் பப்புவா நியூ கினியாவில், வெளியுலகத் தொடர்பு அதிகம் இல்லாத ஃபோரே மக்களிடம் முகப் படங்களைக் காட்டிக் கேட்டார். சிரிப்பு, கோபம், சோகம் எல்லாம் அவர்களும் சொன்னார்கள். பயத்தையும் ஆச்சரியத்தையும் மட்டும் பிரிக்கத் திணறினார்கள். ஆக அடிப்படை உணர்ச்சிகளின் முகம் எல்லா ஊரிலும் ஒன்று என்றார். லிசா ஃபெல்ட்மன் பேரட் போன்றவர்கள் இதை மறுக்கிறார்கள். கோபம் வந்தவர்கள் எல்லாரும் முகம் சுளிப்பதில்லை, சுளிக்கிறவர்கள் எல்லாரும் கோபத்தில் இல்லை, சூழ்நிலை தெரியாமல் முகம் மட்டும் போதாது என்கிறார்கள். எனக்கு இரண்டாம் கட்சிதான் நியாயமாகப் படுகிறது. காரணம் வீட்டிலேயே இருக்கிறது.

இப்போது கல்யாண வீட்டுப் பேச்சு. பந்தியில் எனக்குப் பின் வரிசையில் நெருங்கின சொந்தம் ஒருவர் சொன்னார். "அக்கா முன்ன மாதிரி இல்லை. நாம போய் நின்னா முகம் கொடுத்தே பேச மாட்டேங்குறா. வசதி வந்திருச்சுல்ல." அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஏனென்றால் அதே தப்பை அவருக்கு முன்னால் நான் செய்தேன், அதுவும் இரண்டு வருஷம்.

அவள் சிரிப்பது குறைந்தது. கண் இமைப்பது குறைந்தது, உற்றுப் பார்க்கிற மாதிரி இருக்கும். நான் ஏதாவது சொன்னால் முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. ரிட்டயர் ஆகி நாள் முழுக்க வீட்டில் கிடக்கிறேன், சலித்துப்போய்விட்டது போல என்று நினைத்தேன். பிறகு, ஏதோ கோபம், சொல்ல மாட்டேன் என்கிறாள் என்று நினைத்தேன். பதிலுக்கு நானும் பேசாமல் இருந்தேன். இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டில் அது எவ்வளவு நீளமான நாள் என்று இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

குறிப்பு வேறு எத்தனையோ இருந்தது. மளிகை லிஸ்டில் அவள் எழுத்து மாதாமாதம் சிறுத்துக்கொண்டே வந்தது. கையெழுத்துக்கு மார்க் குறைத்த வாத்தியார் நான், அதைப் பார்த்து "தாளை மிச்சம் பிடிக்கிறியா?" என்று கிண்டல் செய்தேன். சாம்பார் அடிப்பிடித்து வாசல் வரை நாறும், அடுப்புப் பக்கத்தில் நிற்கிற அவளுக்குத் தெரியாது. பெருங்காய டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு "கலப்படம், வாசமே இல்லை" என்பாள். நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசும், இன்னொன்று உடம்போடு ஒட்டியிருக்கும். தனித்தனியாக எல்லாவற்றையும் பார்த்தேன். ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கவில்லை. "கோபம்" என்று விடை எழுதிவிட்டதால் மற்ற எதையும் திருப்பிப் பார்க்கவில்லை.

வலது கை நடுங்க ஆரம்பித்த பிறகுதான் நரம்பு டாக்டரிடம் போனோம். பார்க்கின்சன். டோபமின் என்கிற ரசாயனம் மூளையில் குறைகிறது, அசைவுகள் சுருங்குகின்றன. முகத் தசைக்கும் அதே கதிதான். எழுத்து சிறுத்ததும் குரல் தணிந்ததும் மோப்பம் போனதும் எல்லாம் ஒரே கணக்கின் படிகள். டாக்டர் சொன்ன ஒரு வாக்கியத்தை நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். "சந்தோஷம் குறையலை சார், அது முகத்துக்கு வந்து சேரலை." சிலருக்கு அடுத்தவர் முகத்தைப் படிப்பதும் இந்த நோயில் கொஞ்சம் மங்குமாம். போதாக்குறைக்கு, என் வயதில் கோபம், சோகம், பயம் இதையெல்லாம் முகத்தில் பிரித்தறிவது இளவட்டங்களைவிடக் குறையும் என்று பேத்தி சொல்கிறாள். நல்ல ஜோடி.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவளிடம் கேட்டேன், "இந்த ரெண்டு வருஷம் நான் பேசாம இருந்தேனே, நீ என்ன நினைச்சே?" "உங்களுக்கு என் மேல கோபம்னு நினைச்சேன்" என்றாள்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு உண்டு. முகத்தைப் பார்த்து யாரும் யாரையும் எடை போடக் கூடாது, வாய்விட்டுக் கேட்க வேண்டும், வாய்விட்டுச் சொல்ல வேண்டும். டிவியில் கவுண்டமணி செந்தில் வாழைப்பழக் காமெடி நூறாவது தடவையாக வரும். சுவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, தணிந்த குரலில் "சிரிப்பு வருது" என்பாள். அதைக் கேட்டு நான் சிரிப்பேன். வந்திருக்கிறவர்களுக்குத்தான் கொஞ்சம் திகைப்பாக இருக்கும்.

பேத்தி அவளுக்கும் அந்தக் கண் பரீட்சையை வைத்தாள். அஞ்சாறு படத்தோடு நிறுத்திவிட்டாள். ஒரு படத்துக்கு நாலு சொல்லையும் பேத்தி தமிழில் சொல்லி முடித்ததும், "இதுல எதுவும் இல்லை. அந்தப் பிள்ளை சாப்பிடலை" என்றாள். அதற்கு மார்க் கிடையாது என்று பேத்தி சொல்லிவிட்டாள்.

ஆவணியில் தங்கச்சி மகள் கல்யாணம். நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். மேடைக்கு இடது பக்கம், ஃபேனுக்குக் கீழே அவள் உட்கார்ந்திருப்பாள். வந்து பக்கத்து நாற்காலியில் உட்காருங்கள். கேள்வி கேட்டால் பதில் வரக் கொஞ்சம் நேரம் ஆகும், அதுவரைக்கும் எழுந்து போய்விடாதீர்கள். குரல் மெதுவாக இருக்கும், நாதஸ்வரம் நிற்கிற நேரமாகப் பார்த்து வாருங்கள். கேட்காவிட்டால் மறுபடி கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டாள். கையைப் பிடித்தால் அவளுக்குப் பிடிக்கும். வலது கை நடுங்கும், இடது கையைப் பிடியுங்கள். பழைய டியூஷன் பிள்ளைகள் யாராவது வந்தால் பேரைச் சொல்லிவிடுங்கள், எந்த வருஷம் என்றும் சொல்லுங்கள். யார் யார் சுக்குக் காபியில் இரண்டு கரண்டி கருப்பட்டி கேட்பார்கள் என்பது வரைக்கும் ஞாபகம் வைத்திருக்கிறாள்.

போடுவதற்கு முன்னால் இதை அவளுக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். கடைசி வரை அசையாமல் கேட்டாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

"சாம்பார் ஒரே ஒரு தடவைதான் அடிப்பிடிச்சது. என்னமோ தினம் பிடிச்ச மாதிரி எழுதியிருக்கீங்க. மாத்துங்க" என்றாள்.

"கோபமா?" என்றேன்.

"சிரிக்கிறேன்" என்றாள்.